தீபாவளி கழிந்து நீ படிக்க வேண்டிய கடிதம்

மகனே,

உன் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. கண்ணாடி போடாமலே படித்துவிட்டேன், எழுத்து அவ்வளவு பெரியது. முதல் மூன்று வரி நேராக நிற்கிறது. நான்காவது வரியிலிருந்து வலது பக்கம் ஏற ஆரம்பித்து, இடம் போதாமல் ஓரத்தில் சுற்றி, விலாசத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. தபால்காரர் அதை எப்படிக் கொண்டுவந்து சேர்த்தார் என்பதே ஆச்சரியம். 'மாத்திரை இல்லாமலே இரண்டு மாதமாக ஜம்மென்று இருக்கிறேன், ஆவணியில் சொந்தக் கம்பெனி, அம்மாவிடம் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாய். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியவன் நான். நீ என்ன எழுதினாய் என்பதைவிட எப்படி எழுதினாய் என்பதே எனக்குச் செய்தி. மனசு இறங்கி நீ படுத்துக் கிடக்கும் காலத்தில் உன் எழுத்து கடுகைவிடச் சிறிதாகிவிடும். உன் பெயரைக்கூட முழுதாக எழுதமாட்டாய். இந்தக் கார்டில் உன் பெயரே ஒன்றரை வரிக்கு இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் வியாழக்கிழமை பஸ் ஏறி, நீ வேலை பார்க்கும் ஏழாயிரம்பண்ணைக்கு வந்தேன். அங்கே நடந்தது உனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை இப்போது நீ படிக்கமாட்டாய். மனசு ஏறியிருக்கும் காலத்தில் நீ எதையும் பாதிக்கு மேல் படித்ததில்லை. முதல் பக்கத்தைப் பார்த்ததும், 'ஐயா பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டாக' என்று சிரித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வாய். வைத்துக்கொள், கிழித்துமட்டும் போடாதே. இன்றைய உனக்கு நான் இதை எழுதவில்லை. தீபாவளி கழிந்து, கார்த்திகை வாக்கில், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பாயே, அவனுக்கு எழுதுகிறேன். அவன் ஒரு வரியைப் பத்துத் தடவை படிப்பான், எனக்குத் தெரியும். இதில் மறைத்து எழுதவும் ஒன்றுமில்லை. யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். மறைத்தவன் நான்தான், மறைத்ததால் வந்ததை எல்லாம் இனி சொல்லப்போகிறேன்.

உனக்கு முதலில் வந்தது இருபத்திரண்டாவது வயதில், நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம். அப்போது நாம் விஸ்வநத்தத்தில் இருந்தோம், நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஒன்பது நாள் நீ தூங்கவில்லை. தெருவில் போகிறவரை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, சிவகாசியிலிருந்து கப்பலில் வெடி ஏற்றி உலகம் முழுக்க அனுப்பும் திட்டத்தைச் சொன்னாய். பேச்சு என்னவோ அழகாகத்தான் இருந்தது. நானே முதல் இரண்டு நாள் திண்ணமாக நம்பினேன், என் மகன் பெரிய ஆளாக வரப்போகிறான் என்று. பத்தாவது நாள் உன்னைக் கட்டித் தூக்கித்தான் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த டாக்டர் ஒரு புது மாத்திரை கொடுத்தார். 'இது உடம்பு சரியாகிற வரைக்கும் சாப்பிடுகிற மாத்திரை இல்லை, சரியான பிறகும் சாப்பிடுகிற மாத்திரை. கஷ்டம் அதுதான்' என்றார். நான் பெரிதாகத் தலையாட்டினேன். வகுப்பில் புரியாத பிள்ளைகள்தான் அப்படித் தலையாட்டுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் உனக்கு ஒரு உதாரணம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? 'சைக்கிள் விழாமல் போகிறதே என்று மிதிக்கிறதை நிறுத்துவார்களா?' என்று கேட்டேன். நீ, 'மிதிக்கிறவனுக்குத்தான் ஐயா கால் வலி தெரியும்' என்றாய். நான் அதைக் கேலிப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். கால் எப்படி வலிக்கிறது என்று அன்றைக்குக் கேட்டிருக்கலாம். கை நடுங்குகிறது, நாக்கு தடிக்கிறது, பாட்டுக் கேட்டால் பாட்டாகத் தெரியவில்லை, வெயிலில் நின்றால் தோல் தீய்ந்த மாதிரி எரிகிறது என்றெல்லாம் நீ சொன்னது அதற்கு மூன்று வருஷம் கழித்து, அதுவும் என்னிடம் இல்லை, சரோஜாவிடம்.

சரோஜாவைப் பெண் கேட்கப் புதுப்பட்டிக்குப் போனபோது உனக்கு டைபாய்டு வந்து தேறியதாகச் சொன்னேன். மாத்திரையை அவள் பார்த்தால் என்ன சொல்வது என்று உன் அம்மா கேட்டாள். சத்து மாத்திரை என்று சொல்வோம் என்றேன். சரோஜா ஆறே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அவள் சண்டை போடவில்லை. தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மோரோடு மாத்திரையைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்து, நீ விழுங்குகிற வரைக்கும் உங்கள் மகள் செல்வியைப் பற்றி ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருப்பாள். செல்வி அன்று எந்த வார்த்தையைப் புதிதாகச் சொன்னாள், எதை வாயில் போட்டாள் என்று. நீ சிரித்துக்கொண்டே விழுங்குவாய். மூன்று வருஷம் நீ விழாமல் இருந்தாய் என்றால் அது மாத்திரையால் பாதி, அந்தக் கதையால் பாதி. அந்த மூன்று வருஷத்தையும் கெடுத்தவன் நான்.

நீ அப்போது ஒரு வெடிக் கம்பெனியில் போர்மேன். தீபாவளி சீசன் வந்தால் வெடி காயப்போடும் களத்தில் பகல் முழுக்க நிற்க வேண்டும். ஆடி வெயிலில் உன் முகமும் கழுத்தும் வெந்து கொப்புளித்தன. மத்தியானம் நின்றபடியே கண் சொருகும். வெடிமருந்து கிடக்கும் இடத்தில் கண் சொருகுகிற போர்மேனை யார் வைத்துக்கொள்வார்கள்? உன் முதலாளி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அவருக்கு மட்டும் உன் நோயைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தேன்.

'வாத்தியாரே, நான் தப்பாச் சொல்லலை. முன்னால இவரு மூணு ஆள் வேலை பாப்பாரு. இப்ப அரை ஆளு. ஆர்டர் கழுத்தைப் பிடிக்குது. சீசன் முடியிற வரைக்கும் அந்த மாத்திரையை நிறுத்தி வைங்க. தீபாவளி முடிஞ்சா மறுபடி ஆரம்பிச்சுக்கிடலாம்லா?'

'டாக்டர்கிட்டக் கேக்கணும்' என்றேன்.

'டாக்டரா வந்து களத்துல நிக்கப் போறாரு?' என்றார்.

நான் மதுரைக்குப் போகவில்லை. உன்னைக் கேட்டேன். நீ ஒரே வார்த்தைதான் சொன்னாய்: 'நிறுத்திருவோம் ஐயா.' உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் உன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. சரோஜாவிடம், டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று நான் சொன்னேன். வாத்தியார் சொன்னால் அந்த வீட்டில் யார் மறுப்பார்கள்? அன்று ராத்திரியும் அவள் மோர் கொண்டுவந்தாள், கதையும் சொன்னாள். மாத்திரைதான் இல்லை. உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், முதல் மூன்று வாரம் எனக்குப் பெருமையாக இருந்தது. நடுக்கம் போய்விட்டது, முகம் தெளிந்துவிட்டது. களத்தில் நீ நடந்தால் பெண்கள் எல்லாம் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று முதலாளி சொன்னார். என் மகன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன். வந்தவன் யார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆவணி கடைசியில் ஒரு காலையில் நம் வாசலில் பதினோரு பெண்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் மத்தியானக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டி. முன்னால் நின்றவள் வேலம்மாள். விவசாயம் பண்ணும் சம்சாரிகள் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவள், புருஷன் செத்த பிறகு வெடி வேலைக்கு வந்தவள், மூன்று பிள்ளைகள்.

'வாத்தியாரய்யா, சின்ன முதலாளி எந்திரிச்சிட்டாகளா?' என்றாள்.

'எந்தச் சின்ன முதலாளி?'

'ஒங்க மகந்தான். இன்னைலருந்து அவுக கம்பெனியில வேலைன்னு சொன்னாகளே. நேத்தே அங்கன சொல்லிட்டு வந்துட்டம்.'

சீசன் நடுவில் ஒரு கம்பெனியை விட்டு வெளியே வந்தவர்களை அந்தக் கம்பெனி அந்த வருஷம் மறுபடி கேட்டுக்குள் விடாது. மற்றக் கம்பெனிகளிலும் ஆள் நிரம்பியிருக்கும். இது எங்கேயும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது. அன்று காலை முதலாளி ஒருவேளை விட்டிருப்பார், ஏனென்றால் இன்னும் ஆள் போட்டிருக்கமாட்டார். நான் வாசலில் நின்று, 'என் மகனுக்கு மனசுக்கு நோய், அவன் சொன்னது எதுவும் நடக்காது, இப்பவே ஓடிப்போய் வேலையில் சேர்ந்துகொள்ளுங்கள்' என்று சொல்லியிருந்தால் போதும். நீ உள்ளே ஒரு பழைய தாளில் கம்பெனிக்குப் பெயர்ப்பலகை வரைந்துகொண்டிருந்தாய். நான் அவர்களிடம் சொன்னது இதுதான்: 'அவனுக்குக் காய்ச்சல், ரெண்டு நாளில் சரியாகிவிடும்.'

அவர்கள் திரும்பிப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள், தூக்குச்சட்டியோடு. மூன்றாம் நாளும் வந்தார்கள். வேலம்மாள் உனக்காகக் கொஞ்சம் கஞ்சிகூடக் கொண்டுவந்திருந்தாள். 'காய்ச்சக்காரருக்கு நல்லது, குடுங்க' என்றாள். நாலாம் நாள் உன்னைக் கட்டி வண்டியில் ஏற்றியதைத் தெருவே பார்த்தது. அதற்குள் அவர்கள் இடத்தில் எல்லாம் வேறு ஆள் வந்தாயிற்று. அந்தத் தீபாவளிக்குப் பதினோரு வீட்டில் வேலை இல்லை. ரொம்ப நாள் கழித்து, பள்ளிக்கூட வாசலில் வேலம்மாள் என்னை நிறுத்திச் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

'காய்ச்சல்னு சொன்னீகளே அய்யா. பைத்தியம்னு சொல்லியிருந்தா அன்னைக்கே திரும்பிப் போயிருப்பமே.'

முப்பத்து மூன்று வருஷத்தில் என்னிடம் படித்தவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் யாரும் என்னை இவ்வளவு சரியாகத் திருத்தியதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீயும் அறிவாய், நானும் அறிவேன். கார்த்திகை மாதம், மேற்குக் காட்டுக் கிணறு. தண்ணீர் குறைவாக இருந்ததால் உன் கால் முறிந்ததோடு போயிற்று. அந்த வருஷம் மழை பொய்த்ததை ஊரே சபித்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் சபிக்கவில்லை. தை மாதம் சரோஜா செல்வியைத் தூக்கிக்கொண்டு புதுப்பட்டிக்குப் போனாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைப் பார்த்து, 'மாமா, நோவு இருக்குன்னு முன்னாலயே சொல்லியிருந்தாக்கூட நான் கட்டியிருப்பேன். மாத்திரையை நிறுத்துனதை எங்கிட்டச் சொல்லலையே' என்றாள். உன்னை விட்டுப் போனாள் என்று நீ அவளைத் திட்டும்போதெல்லாம் நான் சும்மா இருந்திருக்கிறேன். இனிமேல் திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு. அவள் போனது உன் நோயைக் கண்டு இல்லை. என் வார்த்தையை நம்பி அந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்றுதான் போனாள்.

பிறகு நான் உனக்குக் காவல்காரன் ஆனேன். மாத்திரையை எண்ணி வைத்தேன். நீ விழுங்கினதும் வாயைத் திற என்றேன், நாக்கைத் தூக்கு என்றேன். முப்பது வயது மனுஷனை. உன் அம்மா ஒருநாள் சமையல்கட்டிலிருந்து, 'குடுத்துட்டு வாத்தியாரு மாதிரி நிக்காதீக, அப்பன் மாதிரி நில்லுங்க' என்றாள். எனக்கு எப்படி என்று தெரியவில்லை, அதனால் வாத்தியார் மாதிரியே நின்றேன். அந்தக் காலத்தில் கை சும்மா இருக்கவேண்டாம் என்று நீ வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். மறு வருஷமும் உன் மனசு ஏறிப்போய் உன்னை மதுரைக்குக் கொண்டுபோன பிறகு, பெஞ்சுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே விரல் நீளக் குழாய்கள், இரண்டு பக்கமும் களிமண்ணால் அடைத்து, அழகாக அடுக்கியிருந்தாய். திரி மட்டும் இல்லை. வெடிமருந்து இருக்குமோ என்று பயந்து ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன். உள்ளே மூன்று மாத்திரை. எல்லாக் குழாயிலும் மாத்திரை. நாக்குக்கு அடியிலும் இல்லை, கன்னத்திலும் இல்லை, எங்கே வைத்து என்னை ஏமாற்றினாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் போவதில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற கை உனக்கு. அதைப் பார்த்து அழுதேனா, மெச்சினேனா என்று எனக்கே தெரியவில்லை.

போன வருஷம் எனக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும், ஆயுசு முழுக்க என்றார். சாப்பிட்டால் மூக்கு அடைக்கிறது, உடம்பு சாக்குமூட்டை மாதிரி கனக்கிறது, எதிலும் மனசு ஒட்டவில்லை. சாப்பிடாவிட்டால் ஒன்றும் தெரியவில்லை, நன்றாகவே இருக்கிறது. முதல் மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். இரண்டாம் மாதம் வெள்ளிக்கிழமை விரதம் என்று விட்டேன். மூன்றாம் மாதம் உன் அம்மா கேட்டால், 'போட்டாச்சு' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுத் திரும்பியபோது, அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். 'வாயைத் தொறங்க, நாக்கைத் தூக்குங்க' என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். இத்தனை வருஷமாக உன் கால் எப்படி வலித்தது என்று அன்றுதான் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. எனக்கு வலிப்பது விரல் நுனியில். உனக்கு அது உயிரிலேயே வலிக்கிறது.

இனி வியாழக்கிழமையைப் பற்றி. நான் பஸ்ஸை விட்டு இறங்கினபோது நீ களத்து ஓரம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாய், சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள் மத்தியானக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தாய். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தாய். 'ஐயா, நீங்கதான் மெலிஞ்சு போய்ட்டீக. மாத்திரை சாப்பிடுறீகளா இல்லையா?' என்று கேட்டு நீயே சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் கொடுப்பேன், ஒருமுறை கொடுத்தும் விட்டேன். பிறகு நீ பெண்கள் பக்கம் திரும்பி, 'ஆவணி பொறந்ததும் எல்லாரும் நம்ம கம்பெனி, ஞாபகம் இருக்கட்டும்' என்றாய். அவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களில் ஒருத்தி, 'அண்ணாச்சி, நாளைக்கே வேணும்னாலும் வந்துருவோம்' என்றாள். அவள் கையில் தூக்குச்சட்டி இருந்தது.

நீ எனக்கு வெற்றிலை வாங்கப் போனாய். நான் அவர்களிடம் போய்ச் சொன்னேன்: 'தாயே, வேலையை விட்டுறாதீக. அவன் எம் மகன். அவனுக்கு மனசுல நோவு. இப்ப அவன் சொல்றது எதுவும் நடக்காது.' அவர்கள் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். ஒரு கிழவி, 'நோவுன்னா, தொத்துமா அய்யா?' என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நீ வெற்றிலையோடு நின்றுகொண்டிருந்தாய். நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்தவில்லை. 'ஐயா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. இனிமே இங்கன வராதீக' என்றாய். வெற்றிலையை என் கையில் வைத்துவிட்டுப் போனாய்.

அதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். பத்து வருஷம் பிந்திச் சொன்ன உண்மை அது. வேறு பெண்களிடம், வேறு ஊரில் சொன்னேன். வேலம்மாளுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, உனக்கும் இல்லை. இதற்குள் உன் வேலைகூடப் போயிருக்கும். இந்தத் தடவையும் நீ விழுவாய். எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று எழுதினால் அது இன்னொரு 'காய்ச்சல்' பொய்யாகிவிடும். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாலும், தேறினதும் நிறுத்துவாய். நானே நிறுத்துகிறேனே. இந்த நோய்க்குள்ளேயே அந்தக் கண்ணி இருக்கிறது: நன்றாக இருக்கிறவனுக்கு மருந்து எதற்கு என்று நோயே உன் குரலில் கேட்கிறது, உன் சிரிப்போடு கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லும் உதாரணம் எதுவும் என்னிடம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆகவே, கார்த்திகையில் இதைப் படிக்கிறவனே, கேள். கிணற்றுப் பக்கம் போகாதே. இந்த வருஷம் மழை நல்லபடி பெய்துகொண்டிருக்கிறது, கிணறுகளில் தண்ணீர் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். விருதுநகர் பஸ்ஸில் ஏறி, நாங்கள் இப்போது இருக்கும் வீட்டுக்கு வா. கையில் ஒன்றும் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை யாரிடமாவது காட்டு, ஏற்றிவிடுவார்கள். முன்கதவை நாங்கள் தாழ்ப்பாள் போடுவதில்லை. நான் இருந்தால் திண்டில் சாய்ந்திருப்பேன், கண் மங்கிவிட்டது, குரல் கொடுத்தால்தான் தெரியும். நான் இல்லாவிட்டால் அம்மா இருப்பாள். அவளிடம் எதுவும் விளக்கவேண்டாம், அவள் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். சரோஜாவுக்கும் எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை நடந்ததை நடந்தபடி. பதில் வரவில்லை, வரவேண்டும் என்றும் இல்லை.

அலமாரியில் மேல்தட்டில் என் பழைய சாக்பீஸ் டப்பா இருக்கிறது. அதில் ஒரு பக்கம் என் மாத்திரை, ஒரு பக்கம் உன் மாத்திரை. வாயைத் திறக்கச் சொல்லமாட்டேன். வேண்டுமானால் மோர் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து உட்காரலாம். கதை சொல்ல எனக்கு வராது, நீதான் சொல்லவேண்டும், முடிந்தால்.

டப்பாவில் எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை எண்ணி வைக்கவில்லை.

ஐயா